கதிருக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கிவிடு

அன்பு மகளுக்கு,

நலம்தானே கண்ணு? மாப்பிள்ளை, பேரன் கதிர் எல்லோரும் சுகமா? போனில் பேசினால் நடுவில் அழ ஆரம்பித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கச் சொன்னதற்கு, "கதிருக்கு லேசான குறைபாடுதானேம்மா, அதுக்கெல்லாம் தரமாட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் சம்பளம் வாங்குறோம், நமக்கு எதுக்கு?" என்று கேட்டாய். கிடைக்குமா கிடைக்காதா என்பதை நீயே முடிவு செய்துவிடாதே. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு யாரும் சம்பளத்தைக் கேட்பதில்லை. குறைபாட்டின் அளவைத்தான் பார்ப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, கதிருக்கு இருக்கிற அறிவுசார் குறைபாடும் அதில் ஒன்று. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். அறிவுசார் குறைபாட்டில் 'லேசானது' என்று எழுதினாலே 50 சதவீதம் என்றுதான் கணக்கு. உனக்கு லேசாகத் தெரிவது சட்டத்தின் கணக்கில் வரம்பைத் தாண்டி நிற்கிறது.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். பரிசோதனையின்போது உளவியலாளர் உன்னிடமும் கேள்வி கேட்பார். தானே குளிக்கிறானா, பட்டன் போடுகிறானா, தனியாகக் கடைக்குப் போய் வருவானா என்றெல்லாம். நம் வீட்டுப் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராது, "எல்லாம் செய்வான்" என்று வாய் முந்திக்கொள்ளும். அங்கே அது வேண்டாம். பொங்கலுக்கு வந்திருந்தபோது பார்த்தேனே, சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசிப் பட்டனைக் கையில் பிடித்தபடி உன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நீயும் பேச்சை நிறுத்தாமலே போட்டுவிட்டாய். நீ செய்து கொடுப்பதையெல்லாம் அவன் செய்வதாகச் சொல்லிவிடாதே. உள்ளதை உள்ளபடி சொல். அந்தப் பதில்களையும் வைத்துத்தான் சதவீதம் போடுகிறார்கள்.

சான்றிதழோடு தனித்துவ அடையாள அட்டையும் வரும். அது இந்தியா முழுக்கச் செல்லும். ரயிலில் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பரில் அவனுக்கும் துணைக்குப் போகிறவருக்கும் 75 சதவீதம் கட்டணக் குறைப்பு. 18 வயது வரை இலவசக் கல்வி அவன் உரிமை. தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம். மாப்பிள்ளை பழைய வருமான வரி முறையில் இருந்தால் வரிக்கான வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு உண்டு, அவரை ஆடிட்டரிடம் கேட்கச் சொல். மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். பேச்சுப் பயிற்சிக்கு நீ கொடுக்கிற பணத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உன் மாமியார் "பிள்ளைக்கு முத்திரை குத்துறியா" என்றாராமே. அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் காகிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதிர் நம் கதிர்தான். பள்ளியில் நாளைக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்டால் அவர்கள் கேட்கப்போவது அந்தக் காகிதத்தை. நீ பக்கத்தில் இல்லாத நாளில் அவனுக்காகப் பேசவும் அதுதான் இருக்கும்.

கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரி, மருத்துவ முகாம் எப்போது என்று சொல்வார்கள். ஆதார், போட்டோ, பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை. தேதி தெரிந்ததும் சொல், முதல் நாளே தஞ்சாவூரிலிருந்து கிளம்பி வந்துவிடுகிறேன். வரிசையில் நீ நில், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா