கன்டோன்மென்ட் பழைய வீடுகளை இடிக்கும் முன் தொல்லியல் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பிரேசர் டவுன், அல்சூர் பகுதித் தமிழ்க் குடும்பங்கள்,
பெங்களூரு.

பெறுநர்:
மாண்புமிகு ஆணையர் அவர்கள்,
தொல்லியல், அருங்காட்சியகங்கள் மற்றும் மரபுத் துறை,
கர்நாடக அரசு.

ஐயா,

வணக்கம். இம்மனுவின் கன்னட மொழிபெயர்ப்பையும் இணைத்துள்ளோம்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். ஜேசிபி வாரிய மண்ணில் நீலப்பூ அச்சிட்ட பீங்கான் சில்லுகளும், கழுத்தில் கோலிக்குண்டு நிற்கும் சோடா பாட்டிலும், முதுகில் ஆலைப் பெயர் பதிந்த ஓடுகளும் கிடந்தன. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது 1865இல். அத்தகைய ஓடு ஒன்று கிடைத்தாலே அந்தக் கூரையின் காலத்தை ஓரளவு கணித்துவிடலாம். யாரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எல்லாம் லாரியில் போய்விட்டது.

பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடர் கட்டிய பேட்டையில், அதாவது பழைய நகரில், அக்கிப்பேட்டை, பளேபேட்டை என்று தொழிலை ஒட்டித் தெருக்கள் அமைந்தன. 1809இல் ஆங்கிலேயப் படை இங்கே முகாமிட்டதும், பேட்டைக்குக் கிழக்கே கன்டோன்மென்ட் என்ற இன்னொரு ஊரே முளைத்தது. வெள்ளையருக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள். படையை நம்பி ஆற்காடு, வேலூர்ப் பக்கமிருந்து வந்த எங்கள் முன்னோருக்கோ பிளாக்பள்ளியிலும் (இன்றைய சிவாஜிநகர்) அல்சூரிலும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். 1881இல் மைசூர் அரசு ஆங்கிலேயரிடமிருந்து உடையார் மன்னரிடம் திரும்பியபோதும் கன்டோன்மென்ட் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. இரண்டு ஊரும் ஒரே மாநகராட்சியானது 1949இல்தான்.

1898 பிளேக்குக்குப் பின் நெரிசலைக் குறைக்கப் புதிய குடியிருப்புகள் வந்தன. பிரேசர் டவுன் அப்படி வந்தது. அகலமான தெருக்கள், வீடுகளுக்குப் பின்னால் கன்சர்வன்சி சந்து. மலம் அள்ளும் தொழிலாளர்கள் முன்வாசல் பக்கம் வராமல் போய்வந்த வழி அது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை, சந்துதான் மிச்சம். அதிலும் பல இடங்களில் சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள். எங்களைக் கேட்டால், மணிக்கூண்டு, தேவாலயங்களுக்குக் காட்டும் அக்கறை இந்தச் சந்துகளுக்கும் வேண்டும்.

1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள்கள் தொல்பொருள் ஆகலாம். ஆகவே, இப்பகுதியில் பழைய கட்டடங்களை இடிக்க அனுமதி தருமுன் தங்கள் துறையின் ஒருவர் வந்து அளந்து, படம் எடுத்துப் பதிவு செய்யுமாறு மாநகராட்சிக்கு எழுத வேண்டுகிறோம். எஞ்சிய கன்சர்வன்சி சந்துகளை வரைபடத்தில் குறித்து, மேலும் அடைபடாமல் காக்க வேண்டும். அடித்தளம் தோண்டும்போது கிடைப்பவற்றை வைக்க அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியாவது ஒதுக்க வேண்டும். வீட்டுப் பழைய பத்திரங்களையும் படங்களையும் நகலெடுக்கத் தர எங்கள் குடும்பங்கள் தயார்.

அடுத்த தெருவில் இன்னொரு வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். அதை இடிக்கும் முன்னரே ஒரு அலுவலரை அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பகுதிவாசிகள்
(கையொப்பங்கள் இணைப்பில்)