உன் கனவு வகுப்பறைக்கு எத்தனை நிமிடம்?

அன்புள்ள தங்கைக்கு,

உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகப் போகும் நாளைப் பற்றி நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். ஜன்னலோரம் ஒரு புத்தக அலமாரி, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், கூச்சமில்லாமல் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள், வரிக்கு வரி திருத்திக் கொடுத்த கட்டுரை நோட்டுகள். இதில் எதையும் விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பக்கத்தில் ஒரு எண்கூட இல்லை. ஒவ்வொரு ஆசைக்கும் பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று எழுதினால்தான் எது நடக்கும், எது சுவரில் ஒட்டிய படமாகவே நின்றுவிடும் என்று தெரியும்.

பேச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். பீரியட் 45 நிமிடம், பிள்ளைகள் 40 பேர் என்று வைத்துக்கொள். வருகைப்பதிவு, நோட்டு எடுப்பது, முந்தைய பாடத்தைப் போர்டிலிருந்து அழிப்பது எல்லாம் போக 40 நிமிடம் மிஞ்சும். நீ வாயே திறக்காமல் நின்றாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். நீ கேள்வி கேட்க, ஒருத்தி எழுந்து பதில் சொல்ல, நீ திருத்த, அவள் உட்கார என்றே போனால் முன்பெஞ்சில் ஏழெட்டுப் பேர் பேசுவார்கள். மற்றவர்கள் வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வட்டமாக உட்கார வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஜோடியாகப் பேச வைத்தால்தான் மாறும். இருபது ஜோடிகள் ஒரே நேரத்தில் 6 நிமிடம் பேசினால் ஒவ்வொருவருக்கும் 3 நிமிடம் கிடைக்கிறது. முதலில் கேள்வியைப் போர்டில் எழுது. வாயால் மட்டும் சொன்னால் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரிடம் 'என்ன கேட்டாங்க?' என்பார்கள். அப்புறம் ஒரு நிமிடம் மௌனம், தோன்றுவதை நோட்டில் நாலு சொல்லாகக் குறித்துக்கொள்ளட்டும். இந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டாதே. கூச்சப்படும் பிள்ளைக்கு அதுதான் பிடிமானம். பிறகு சுவரோரம் இருப்பவர் முதலில் பேச வேண்டும், பாதி நேரத்தில் மாற வேண்டும் என்று சொல்லிவிடு; சொல்லாவிட்டால் வாயாடியே ஆறு நிமிடத்தையும் எடுத்துக்கொள்வாள். நிறுத்துவதற்குக் கத்தாதே. கையைத் தூக்கு, பார்த்தவர்கள் தங்கள் கையைத் தூக்கட்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பெரும்பாலும் இது சொதப்புவது கேள்வியால்தான். 'உன் லட்சியம் என்ன?' என்றால் மனப்பாடம் செய்த பத்தி வரும். 'நேற்று என்ன செய்தாய்?' என்றால் இரண்டு வாக்கியத்தில் முடிந்து, மிச்ச நேரம் தாய்மொழியில் அரட்டை. அதனால் ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இருக்கக் கூடாது. ஒரே பேருந்து அட்டவணையை எடுத்து, ஒருவர் தாளில் புறப்படும் நேரங்களை அழித்துவிடு, அடுத்தவர் தாளில் சேரும் நேரங்களை அழித்துவிடு. கேட்காமல் நிரப்ப முடியாது, அதனால் கேட்பார்கள். போர்டின் ஓரத்தில் வாக்கியம் தொடங்க மூன்று சொற்றொடர் இருந்தால் போதும். பத்து எழுதினால் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள்.

வகுப்பு முழுவதையும் பார்த்துக் கேட்கும் கேள்வியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதை 3 நொடியோ அதற்கு மேலோ ஆக்கியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன. வேற்று மொழியில் பதில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு 3 நொடிகூடக் குறைவு. கேள்வியை முதலில் கேள், மனதுக்குள் ஐந்து வரை எண்ணு, பெயரை அப்புறம் சொல். பெயரை முதலில் சொன்னால் மீதி 39 பேரும் அந்த நொடியே ஓய்வெடுத்துக்கொள்வார்கள்.

அலமாரிக்கு வருவோம். அழகான, தடித்த, பெரியவர்கள் பாராட்டும் நாவல்களாக அடுக்கிவைத்தால் அவை தூசி படியும். துணையில்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று மொழி ஆய்வாளர்கள் ஹூவும் பால் நேஷனும் 2000இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். 95 சதவீதம் என்றால் பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் அது 20 சொல்லுக்கு ஒன்று, ஏறக்குறைய இரண்டு வரிக்கு ஒரு முட்டு. யார்தான் படிப்பார்கள்? பிள்ளையிடம் புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஒரு இடத்தைத் திறந்து நூறு சொல் அளவு படிக்கச் சொல். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். இரண்டு விரலுக்குள் என்றால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஐந்தும் மடங்கினால் திரும்ப வைத்துவிடலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. 40 பேருக்கு 40 புத்தகம் போதாது, பிடிக்காமல் திருப்பி வைப்பவருக்கு எடுக்க வேறொன்று இருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் பீரியடின் முதல் பத்து நிமிடம் வாசிப்புக்கு என்று ஒதுக்கு. அந்தப் பத்து நிமிடம் நீயும் உட்கார்ந்து படி, நோட்டு திருத்தாதே. கதைச்சுருக்கம் எழுதச் சொன்னால் அன்றோடு அலமாரி செத்தது.

இப்போது நீ மிகவும் ஆசைப்படும் விஷயம், திருத்துவது. ஒரு கட்டுரைக்கு 6 நிமிடம் என்றால் 40க்கு 4 மணி நேரம். மூன்று பிரிவுகளுக்கு நீ பாடம் எடுத்தால் 12 மணி நேரம், அதுவும் ஒரே ஒரு கட்டுரைக்கு. இரண்டாவது மாதமே நீ வரிகளைப் படிக்காமல் டிக் போட ஆரம்பிப்பாய். எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் நீயே சரிசெய்து கொடுத்தாலும், நோட்டைத் திறந்ததும் பிள்ளை பார்ப்பது மதிப்பெண்ணைத்தான். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் இதைச் சோதித்திருக்கிறார்: மதிப்பெண் இல்லாமல் குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள்; குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணாமல் போனது. இரண்டையும் ஒரே நாளில் கொடுக்காதே.

ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983இல் எழுதிய வழி இன்னும் எளிது. பிழை இருக்கும் வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு சிறு குறி, அவ்வளவுதான்; எது பிழை என்று சொல்வதில்லை. அவருடைய கல்லூரி மாணவர்கள் அப்படிக் குறித்த பிழைகளில் பாதிக்கு மேல் தாங்களே கண்டுபிடித்துத் திருத்தினார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது சற்றுக் கடினம், அதனால் பிழையான சொல்லுக்கு அடியில் ஒரு புள்ளியும் வை. கட்டுரையின் கீழே ஒரே ஒரு குறிப்பு, அதுவும் செய்யக்கூடியதாக: 'இரண்டாம் பத்தியில் அந்த நாய் எப்படி இருந்தது என்று இரண்டு வரி சேர்.' 'நன்று', 'இன்னும் முயற்சி செய்' என்பவற்றை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும்? நோட்டைத் திருப்பிக் கொடுத்த அன்றே வகுப்பில் 15 நிமிடம் திருத்த விடு. வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் திருத்தம் வராது. மதிப்பெண் அதற்குப் பிறகு.

ஒரு பிழையை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 'ஷீ கோ டு ஸ்கூல்' என்று எழுதும் பிள்ளை, தமிழில் 'அவள் போகிறேன்' என்று ஒருநாளும் சொல்வதில்லை. போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கொரு வால் ஒட்டும் மொழியில் வளர்ந்த பிள்ளைக்கு எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள உறவைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆங்கில நிகழ்காலத்தில் பெரும்பாலான வினைகளுக்கு அந்த வால் 'ஷீ கோஸ்' என்பது போல ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் காதில் சரியாக விழாத ஒரு சிறு 'ஸ்'. விட்டாலும் பொருள் கெடுவதில்லை. அதனால்தான் விதியைப் பத்துமுறை எழுதிய பிள்ளையும் பதினோராவது முறை விட்டுவிடுகிறது. மருந்து காதுக்குத்தான் தேவை.

அதற்கு டிக்டோகிளாஸ் என்ற பயிற்சி நன்றாக உதவும். இந்த 'ஸ்' ஆறேழு முறை வருகிற மாதிரி நான்கைந்து வாக்கியம் நீயே எழுது. சாதாரண வேகத்தில் இரண்டு முறை வாசி. முதல் முறை பேனாவைத் தொடக் கூடாது. இரண்டாம் முறை முக்கியச் சொற்களை மட்டும் குறிக்கலாம். பிறகு மூன்று பேராகச் சேர்ந்து பத்தியை மீண்டும் கட்டட்டும். கடைசியில் மூலத்தைப் போர்டில் எழுதி ஒப்பிட வை. 25 நிமிடம் ஆகும். பத்தி நீளமாக இருந்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே கைவிட்டுவிடுவார்கள். பாவம் என்று சொல் சொல்லாக நிறுத்தி வாசித்தால் அது வெறும் சொல்வதெழுதுதல் ஆகிவிடும், 'ஸ்' விடுபட்டதா என்ற வாக்குவாதமே குழுவில் எழாது. அந்த வாக்குவாதம் தமிழில் நடந்தால் நடக்கட்டும். தாய்மொழி பேசியதற்கு அபராதம் போடும் பழக்கத்தை மட்டும் உன் வகுப்புக்குள் விடாதே, அதனால் ஆங்கிலம் வராது, மௌனம்தான் வரும்.

போர்டு எழுத்துக்கு ஒரு வரி போதும்: எழுதிவிட்டுக் கடைசி பெஞ்ச் வரை நடந்து போய்ப் பார்.

அடுத்த கடிதத்தில் கனவு வேண்டாம். ஒரே ஒரு 45 நிமிடப் பாடத்தின் திட்டத்தை எழுதி அனுப்பு. இடது ஓரத்தில் நிமிடம், வலது ஓரத்தில் அந்த நிமிடத்தில் யார் பேசுகிறார்கள் என்பது. வலது ஓரத்தில் 'நான்' என்பது 15 நிமிடத்தைத் தாண்டினால், எங்கே வெட்டலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அக்கா