மேலே கயிறு பிடிக்கும் மச்சானுக்கு யார் சொல்லித்தருவது?

நம் கிழக்குக் கடற்கரையில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலில் மூழ்கும்) பயிற்சிப் பள்ளி நடத்தும் அனைவருக்கும்,

வணக்கம். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். வயது 43. என் பர்சில் இப்போது இரண்டு அட்டைகள் இருக்கின்றன. ஒன்று, நான் 18 மீட்டர் ஆழம் வரை துணையோடு மூழ்கலாம் என்கிறது. இன்னொன்று, சிறிய இயந்திரப் படகு ஓட்டப் பழகியவள் என்கிறது. முதல் அட்டையை ஆசைப்பட்டு வாங்கினேன். இரண்டாவதைப் பயந்துபோய் வாங்கினேன். அந்தப் பயத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களில் ஒருவரிடம்தான் கற்றேன். பெயர் சொல்லப்போவதில்லை. அதன் பிறகு வேறு மூன்று இடங்களில் மூழ்கியிருக்கிறேன், எங்கும் ஏறத்தாழ இதே கதைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கற்றுத்தந்த விதத்தில் குறை இல்லை. 200 மீட்டர் நீந்தச் சொன்னார்கள், பத்து நிமிடம் மிதக்கச் சொன்னார்கள். அப்புறம் நீச்சல் குளத்தின் ஓரத்தில் உட்கார வைத்து, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் நழுவினால் தேடி எடுப்பது, மூக்கைப் பிடித்து ஊதிக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்வது என்று ஒவ்வொன்றாகச் செய்ய வைத்தார்கள். அழுத்தம் கூடினால் காற்று சுருங்கும் என்ற பாயில் விதியைப் பதினேழு வருடமாகக் கரும்பலகையில் எழுதியவள் நான். அது என்னவென்று குளத்தின் மூன்றாவது மீட்டரில் என் காதுதான் எனக்குச் சொல்லித்தந்தது.

என் வகுப்பில் ஐந்து பேர். மூன்று பேர் பெங்களூரில் ஐ.டி. வேலை. ஒருவன் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துப் பையன், அவனுக்கு மட்டும் நீங்கள் பாதிக் கட்டணம் வாங்கிக்கொண்டீர்கள், அதற்கு நன்றி. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு அநாயாசமாக ஐந்தாறு பாகம் இறங்குவான். எங்கள் பக்கத்தில் ஆழத்தை இன்னும் பாகத்தில்தான் சொல்வோம், கையை விரித்தால் வரும் நீளம், ஆறடி. உங்கள் 18 மீட்டர் எங்கள் கணக்கில் பத்துப் பாகம். அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர்கள் காலில் கல்லோடு இறங்கிய ஆழமும் கிட்டத்தட்ட அதுதான்.

அவனுக்குத்தான் ஸ்கூபா மிகக் கடினமாக இருந்தது. ஏன் என்று யோசித்தேன். அவன் ரத்தத்தில் ஊறிய முதல் பாடம், மூச்சைப் பிடி. உங்கள் முதல் பாடம், ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதே. மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறவனுக்கு, கீழே போகப் போகக் காற்று சுருங்கும், திரும்பி வரும்போது பழைய அளவுக்கு விரியும், அவ்வளவுதான். சிலிண்டரிலிருந்து சுவாசிப்பவன் கதை வேறு. 20 மீட்டரில் அவன் நெஞ்சுக்குள் இருப்பது மூன்று மடங்கு அழுத்தத்தில் இருக்கும் காற்று. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் மூன்று மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். அதற்கு 20 மீட்டர்கூட வேண்டாம், ஒன்றரை மீட்டரே போதும். இதை யாராவது அவனிடம் தமிழில், அவன் தாத்தாவின் மூச்சையும் இந்த மூச்சையும் ஒப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கையில் கிடைத்ததோ ஆங்கிலப் பாடப்புத்தகம், ஆங்கிலக் கேள்வித்தாள். நைட்ரஜன் உடம்பில் கரைவது, மெதுவாக ஏறுவது, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருவது எல்லாவற்றையும் இரவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான்தான் அவனுக்குச் சொன்னேன். சோடா பாட்டிலை மெதுவாகத் திறந்தால் ஒன்றும் ஆகாது, பட்டென்று திறந்தால் பொங்கும் என்றேன். "அம்புட்டுதானா டீச்சர்?" என்றான். மறுநாள் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கினான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடலில் மூன்றாவது மூழ்கல். 12 மீட்டர். பவளத்திட்டின் ஓரம், கலங்கல் இல்லாத தண்ணீர், கிளிமீன் கூட்டம். சிலிண்டரில் காற்றின் அழுத்தம் 70 பாருக்கு இறங்கியபோது பயிற்றுநர் கட்டைவிரலை உயர்த்தினார். கடலுக்கடியில் அதற்கு 'சபாஷ்' என்று அர்த்தம் இல்லை, 'மேலே போவோம்' என்று அர்த்தம். முறைப்படி நின்று, முறைப்படி ஏறித் தலையை வெளியே நீட்டினோம். படகைக் காணோம்.

காணோம் என்றால் இருந்தது, வெகு தொலைவில். நாங்கள் இறங்கும்போது கடல் எண்ணெய் தடவினதுபோல் இருந்தது. நாற்பது நிமிடத்தில் கொண்டல் காற்று எழும்பி அலை நுரைக்க ஆரம்பித்திருந்தது. எங்கள் மூச்சுக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே மேலே நின்ற படகோட்டி அண்ணனுக்கு, அலை நுரையில் குமிழி எது, நுரை எது என்று தெரியாமல் போயிருக்கிறது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எங்களை ஒரு பக்கம் இழுத்தது, காற்று படகை இன்னொரு பக்கம் தள்ளியது. எங்களிடம் ஆள் உயரத்துக்கு ஊதி நிறுத்தும் ஆரஞ்சு மிதவை இல்லை. கீழே ஆள் இருக்கிறது என்று மற்றப் படகுகளுக்குக் காட்டும் மூழ்குபவர் கொடியும் படகில் இல்லை. பயிற்றுநர் விசில் ஊதினார், துடுப்புச் செருப்பைக் கழற்றி ஆட்டினார். கால்மணி நேரம்.

படகு எங்களைப் பார்த்துவிட்டது. பதறிப்போய் வேகமாக வந்தது. மிக அருகில் வந்த பிறகுதான் நாங்கள் நேர் எதிரே இருப்பதைப் பார்த்து, எங்களை விட்டு விலகுவதற்காகச் சுக்கானை எதிர்ப்பக்கம் ஒடித்தார். மூக்கு விலகியது. பின்பக்கம், அதாவது எஞ்சினும் புரொப்பல்லரும் இருக்கும் பக்கம், எங்களை நோக்கி வீசிக்கொண்டு வந்தது. பெங்களூர்ப் பெண்ணின் முகத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு கை தூரம் இருந்திருக்கும்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரைக்கு வந்ததும் பள்ளி முதலாளி அந்தப் படகோட்டி அண்ணனை எல்லோர் முன்னாலும் திட்டினார். முப்பது வருடம் கடலில் இருந்தவர், தலைகுனிந்து நின்றார். எனக்கு அன்று படகைவிட அதுதான் பயமாக இருந்தது. அவருக்கு அன்று காலை சொல்லப்பட்டது இரண்டே வார்த்தை: "இங்கனயே நில்லுங்க." எத்தனை மணிக்கு வருவோம், எந்தத் திசையில் போகிறோம், எத்தனை பேர், கைச் சைகைகள் என்ன, ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு வெள்ளைப் பலகையில் படம் வரைந்து இருபது நிமிடம் விளக்கியபோது அவர் ஐந்தடி தள்ளி டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

என் தாத்தா சங்கு குளித்தவர். தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல், அவர் அதற்குப் போனதில்லை, ஆனால் அந்தக் கதைகள் எல்லாம் அவருக்குத் தெரியும். குளிக்க இறங்குகிறவன் மேலே கயிறு பிடிக்கத் தன் மச்சானைத்தான் நிறுத்துவான் என்பார். தம்பியை நம்ப மாட்டான், கூட்டாளியை நம்ப மாட்டான். மச்சான் கயிற்றை விட்டால் தாலி அறுப்பது அவனுடைய சொந்த அக்கா தங்கச்சி, அதனால் விட மாட்டான். கணக்கு கொஞ்சம் குரூரமானதுதான். ஆனால் மூழ்குகிறவனின் உயிர் பாதி மேலே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நீங்கள் கயிற்றை எடுத்துவிட்டு சிலிண்டரைக் கொடுத்தீர்கள், அதோடு மச்சானையும் மறந்துவிட்டீர்கள்.

அந்த வாரமே படகு ஓட்டப் படிக்க முடிவு செய்தேன். எங்கே படிப்பது என்று கண்டுபிடிக்கவே மூன்று மாதம் ஆனது, அது தனிக் கதை. ஓர் அலுவலகத்தில் "உங்களுக்கு எதுக்கும்மா போட்டு?" என்று சிரித்தார்கள். மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட் கொச்சி, சென்னை, விசாகப்பட்டினத்தில் கற்றுத்தருகிறது, ஆனால் அது மீன்பிடிக் கப்பலில் மாலுமியாகவும் எஞ்சின் வல்லுநராகவும் போகிறவர்களுக்கு. எனக்கு வேண்டியது அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய ஒரு ஃபைபர் படகு. கடைசியில் வேறு மாநிலத்தில் ஒரு மையத்தில் சில நாள் வகுப்பு கிடைத்தது.

முதல் நாளே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. படகு கார் மாதிரித் திரும்புவதில்லை. எஞ்சின் பின்னால் இருப்பதால் பின்பக்கத்தைத் தள்ளித்தான் திரும்புகிறது. தண்ணீரில் கிடக்கிற ஆளை விட்டு விலகத் திருப்பினால், புரொப்பல்லர் அவர்மேல் போகும். ஆள் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கமே திருப்ப வேண்டும், பின்பகுதி அப்போதுதான் விலகும், உடனே நியூட்ரல். மனசுக்கு நேர்மாறாகத் தோன்றும் பாடம், ஸ்கூபாவில் மூச்சைப் பிடிக்காதே என்பதுபோலவே. அண்ணன் செய்தது தப்பு இல்லை, எந்த மனிதனும் பதற்றத்தில் செய்வதுதான். அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. சொல்லித்தர ஒரு மதியம் போதும். நானே ஒரு மதியத்தில்தான் படித்தேன்: ஒரு காலி டப்பாவைக் கடலில் போட்டு, காற்றுக்கு மூக்கைக் காட்டி மெதுவாக நெருங்கி, எஞ்சினை அணைத்துக் கையால் எடுக்க வேண்டும். பதினோரு முறை டப்பாவை இடித்தேன். பன்னிரண்டாவதில் எடுத்தேன்.

ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானே நிற்பதற்காகச் சிவப்பு நிறச் சுருள் கயிறு ஒன்று உண்டு, ஒரு முனை எஞ்சினில், மறுமுனை தொடையில். நம் கரையில் பெரும்பாலான படகுகளில் அது எஞ்சினிலேயே சுற்றிக் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. போய்ப் பாருங்கள். உங்கள் படகிலும் அப்படித்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். படகு விபத்துகளில் இறந்தவர்களை எண்ணிப் பாருங்கள்: 2009-இல் தேக்கடியில் 45 பேர், 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர், 2014 குடியரசு தினத்தன்று அந்தமானில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் பலர் காஞ்சிபுரத்துக்காரர்கள், 2023-இல் தானூரில் 22 பேர். உள்நாட்டு நீர்வழிகளுக்கு 2021-இல் புதுச் சட்டம் வந்து, படகைச் செலுத்துகிறவருக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்கிறது. தானூர் அதற்குப் பிறகுதான் நடந்தது. சட்டம் வந்து உங்கள் படகில் ஏறும் வரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன், அரசுக்கு எழுதவில்லை.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. காலையில் அந்த வெள்ளைப் பலகைக்கு முன்னால் படகோட்டிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். திட்டம் அவருக்கும் தெரிய வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு வேண்டும். காற்று மாறும் என்று உங்கள் போனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், கேட்டால் சொல்வார். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆரஞ்சு மிதவை, படகுக்கு ஒரு கொடி, வெள்ளையும் நீலமுமான பன்னாட்டுக் கொடியோ, குறுக்கே வெள்ளைக் கோடு போட்ட சிவப்போ, எதுவானாலும் சரி. ஆனால் பக்கத்துக் கிராமத்து மீனவர்களுக்கு அந்தக் கொடி என்னவென்று சொல்லாமல் ஏற்றினால் கோயில் கொடி என்றுதான் நினைப்பார்கள். ஊர்க் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். ஆக்சிஜன் பெட்டி படகில் இருக்கட்டும், வேகமாக ஏறி, உடம்பில் கரைந்த நைட்ரஜன் சோடாபோலக் குமிழியாகி அழுத்த நோய் வந்தால் சேர்க்க வேண்டிய அழுத்த அறை எந்த ஊரில், எந்த எண் என்று படகின் உள்பக்கம் பெயின்டால் எழுதுங்கள். எந்தப் பள்ளியிலும் இதை நான் பார்த்ததில்லை.

தலை எண்ணாமல் எஞ்சின் கிளம்பக் கூடாது. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு படகு கரைக்குத் திரும்பியது. இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் குறைவது தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அவ்வளவு அனுபவம் உள்ள நாட்டில் நடந்தது. எண்ணுகிற வேலையை ஒருவரிடம் கொடுங்கள், அவர் படகோட்டியாக இருக்கட்டும், அவர் சரி என்று சொன்னால்தான் நங்கூரம் ஏற வேண்டும், நீங்கள் முதலாளியாகவே இருந்தாலும்.

அப்புறம் சம்பளம். மூழ்குகிற விருந்தாளியிடம் ஒரு முறைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறீர்கள். படகோட்டிக்கு நாள்கூலி. பயிற்சி முடித்தவருக்குக் கூலியைக் கூட்டுங்கள், அப்போதுதான் அடுத்தவர் தானே படிக்க வருவார். அவர்கள் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் தருவதுபோல் அவர்களுக்கும் ஒரு மூழ்கல் இலவசமாகக் கொடுங்கள். கீழே போய் மேலே ஒருமுறை பார்த்தவர், படகின் அடிவயிறும் புரொப்பல்லரும் அங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்தவர், அப்புறம் எஞ்சினைக் கியரில் விட்டுக்கொண்டு குமிழிக்கு மேலே நிற்க மாட்டார்.

அந்த அண்ணன் இப்போது உங்களிடம் வேலைக்கு வருவதில்லை. பழையபடி நண்டு வலைக்குப் போகிறார். போன மாதம் பார்த்தபோது என் படகு அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன டீச்சர் எழுதியிருக்கு?" என்று கேட்டார். அதுவும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. படித்துச் சொன்னேன். டப்பா கதையையும் சொன்னேன். பதினோரு முறையா என்று விழுந்து விழுந்து சிரித்தவர், மறுநாள் விடியற்காலை ஒரு காலி எண்ணெய் டப்பாவோடு என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு இரண்டே முறையில் வந்துவிட்டது.

படகோட்டிகளுக்கான குறிப்புகளைத் தமிழில் எழுதிவைத்திருக்கிறேன், படங்களோடு பதினெட்டுப் பக்கம். அண்ணன் படித்துப் பார்த்து நான்கு இடத்தில் திருத்தினார். உங்களில் யார் கேட்டாலும் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் வந்தும் சொல்லித்தருகிறேன், அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்குக் காசு வேண்டாம். அவருக்கு ஒரு நாள் நண்டுப்பாட்டின் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்த ஒரு டீச்சர்