நாய்க்கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

தெருநாய்க்கடிச் செய்திகள் பலவும் ‘தடுப்பூசி போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்’ என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்கு அது பாதிச் சிகிச்சைதான். காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற தயார் எதிர்ப்பு மருந்தைப் போட்டார்களா என்பதையும் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும். படிக்கிறவர்களில் நாலு பேராவது பிறகு மருத்துவமனையில் அதைக் கேட்பார்கள்.

ரேபிஸ் வைரஸை முடக்கும் ஆன்டிபாடியை நம் உடலே தயாரிக்கும்படி தூண்டுவது தடுப்பூசி. அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் தலைகாட்டவே சுமார் ஒரு வாரம் ஆகும். போதிய அளவுக்கு ஏற இரண்டு வாரம். அதற்குள் வைரஸ் நரம்புக்குள் நுழைந்துவிட்டால் ஆன்டிபாடி அதை எட்டிப் பிடிப்பது கடினம். இந்த இடைவெளிக்காகத்தான் தயார் ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினைக் காயத்திலேயே போடுகிறார்கள். குதிரையிலிருந்து எடுத்ததென்றால் உடல் எடையில் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுத்ததென்றால் 20 யூனிட். அதற்கு மேல் போனால் தடுப்பூசியின் வேலை மட்டுப்படும். 15 கிலோ குழந்தைக்குக் குதிரை மருந்து 600 யூனிட்; மில்லிக்கு 300 யூனிட் உள்ள மருந்தில் அது 2 மில்லிதான். முகத்திலும் கையிலும் பல கடி இருந்தால் 2 மில்லி எல்லாக் காயத்துக்கும் எட்டாது. அப்போது சலைன் கலந்து இரண்டு, மூன்று மடங்காக்கி ஒவ்வொரு காயத்துக்குள்ளும் சுற்றிலும் போட வேண்டும். விரல் நுனியில் இடம் குறைவு; அழுத்திப் போட்டால் ரத்த ஓட்டம் தடைப்படும், மெதுவாகத்தான் போட வேண்டும்.

காயத்தை விட்டுவிட்டு இடுப்பில் ஓர் ஊசி போட்டு அனுப்பினால் பயன் மிகக் குறைவு. காயத்துக்குப் போட்டது போக மிச்சத்தை வேறு தசையில் போடும் பழைய முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2018-ல் கைவிட்டது. இம்யூனோகுளோபுலின் உடனே கிடைக்காவிட்டால் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இரண்டையும் ஒரே சிரிஞ்சிலோ ஒரே இடத்திலோ போடக் கூடாது. ஏற்கெனவே முழுத் தடுப்பூசி போட்டவருக்கு இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. 0, 3-வது நாள்களில் தடுப்பூசி போதும்.

இதெல்லாம் கழுவிய காயத்துக்குத்தான். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் பூசிக்கொண்டு அணைக்கட்டிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை வரை வந்தால், முதலில் அதைச் சுரண்டி எடுப்பதிலேயே நேரம் போய்விடும்.

அடுத்து, ரத்தத்தில் ஆன்டிபாடி எவ்வளவு என்று அளக்கும் ‘டைட்டர் டெஸ்ட்’. ஊசி போட்ட நாலாம் நாளே “உடம்பில் எதிர்ப்பு வந்திருக்கா, பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். அந்த நாளில் வரும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எலைசா முறை, ஆன்டிபாடி வைரஸ் புரதத்தில் ஒட்டுகிறதா என்பதை மட்டும் காட்டும். வைரஸை முடக்குகிறதா என்று பார்க்க உயிருள்ள வைரஸ் வேண்டும். அந்தச் சோதனையின் பெயர் ஆர்.எஃப்.எஃப்.ஐ.டி. சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை, 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் படிப்படியாக நீர்க்கச் செய்து, அளந்த வைரஸோடு 37 டிகிரியில் 90 நிமிடம் விட்டு, பிறகு செல்களைச் சேர்ப்பார்கள். மறுநாள் ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில், சோதனைச் சில்லில் உள்ள சிறு அறை ஒவ்வொன்றிலும் 20 இடங்கள் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் ஒரே ஒரு செல் பச்சையாக ஒளிர்ந்தாலும் அங்கே தொற்று உண்டு. பாதி இடங்களில் தொற்று அடங்கும் நீர்ப்பு அளவை, அளவு தெரிந்த சீரத்தோடு ஒப்பிட்டு முடிவு எழுதுகிறார்கள். மில்லிக்கு 0.5 யூனிட் இருந்தால் தடுப்பூசி பலித்தது என்று பொருள்.

கோளாறு இங்கேதான் புகும். வைரஸைக் குறைவாகப் போட்டால் ஆன்டிபாடி அதிகம் இருப்பதுபோலக் காட்டும். கூடப் போட்டால் குறைத்துக் காட்டும். அதனால் சீரம் சேர்க்காத வைரஸ் அறையில் 18 முதல் 20 இடங்கள் ஒளிர்ந்தால்தான் அன்றைய சோதனையை ஏற்பார்கள். கிருமி புகுந்த சீரமோ, ரத்த அணு உடைந்து சிவந்த சீரமோ செல்களைக் கொன்றுவிடும். செல் இல்லையென்றால் ஒளியும் இல்லை. அவசரக் கண்ணுக்கு அது பிரமாதமான எதிர்ப்புச் சக்தி!

கால்நடை மருத்துவர், நாய் பிடிப்பவர், ஆய்வகப் பணியாளர், நோய் எதிர்ப்பு குன்றிய நோயாளி ஆகியோருக்கு இந்தச் சோதனை பயன்படும். ரத்தம் கொடுப்பது தடுப்பூசித் தவணை முடிந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இருக்கட்டும். உறையவிட்டுச் சீரத்தைப் பிரித்த பிறகே ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும்; முழு ரத்தத்தை ஃப்ரீசரில் வைத்தால் அணுக்கள் உடைந்து மாதிரி வீணாகிவிடும்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.