'கட்' என்றால் வெட்டு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வரும் ஆங்கிலச் சொற்பகுதியை நான் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் 'கட்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு நிகரானவை என்று சாப், ஸ்லைஸ், கார்வ், ஹியூ, செவர், ட்ரிம், மின்ஸ் ஆகிய ஏழு சொற்களை வரிசையாக அச்சிட்டு, அத்தனைக்கும் எதிரே 'வெட்டு' என்ற ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டிருந்தீர்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், இந்தப் பட்டியல் பிள்ளைகளைத் தடுமாறவே வைக்கும் என்பதைத் தெரிவிக்க இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதுபோன்ற பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, காலாண்டுத் தேர்வில் தன் அம்மா வெங்காயத்தை 'செவர்' செய்ததாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் குற்றமில்லை. ஆனால் செவர் என்பது கையையோ கயிற்றையோ உறவையோ துண்டித்துப் பிரிப்பதற்கு வழங்கும் சொல். அடுக்களைக்கு அது ஆகாது. சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போக மனம் வராமல், மறுநாள் அவளையும் இன்னும் நான்கைந்து பேரையும் சத்துணவுக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். சமையல் செய்யும் அம்மா அரிவாள்மனையின் முன் அமர்ந்து கேரட்டை வட்டம் வட்டமாக அரிந்துகொண்டிருந்தார். அது ஸ்லைஸ் என்றேன். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கினார், அது சாப். கொத்தமல்லிக் கட்டின் வேரை மட்டும் நறுக்கி எறிந்தார், அது ட்ரிம். பின்புறம் ஒருவர் விறகு பிளந்துகொண்டிருந்தார்; அது ஸ்ப்ளிட். முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு அவர் நறுக்கத் தொடங்கியபோது, "இதுக்கு வெறும் கட் போதுமா சார்?" என்று அந்த மாணவியே கேட்டாள். போதும் என்றேன்.

அவள் கேட்டதில்தான் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கட் என்பது பொதுச்சொல். எப்படி வெட்டினார்கள் என்பது முக்கியமில்லாத இடத்தில் அது ஒன்றே போதும். மற்ற ஏழும், எதை வெட்டுகிறோம், எந்தக் கருவியால் வெட்டுகிறோம், வெட்டிய பிறகு மிஞ்சுவது வில்லையா துண்டா பொடியா என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றன. ஹியூ என்றால் கோடரியோ உளியோ கொண்டு மரத்தையும் பாறையையும் ஓங்கி வெட்டுவது. மின்ஸ் என்றால் கொத்துக்கறிக்குக் கொத்துவது. கார்வ் என்பது சிலை செதுக்குவதற்கும், ஆங்கிலேயர் விருந்து மேசையில் முழுதாகச் சுட்ட இறைச்சியைப் பங்கிட அரிவதற்கும் வழங்குகிறது. இந்தக் கார்வுக்கு ஒரு வரலாறும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் வெட்டுதலைப் பொதுவாகக் குறிக்க வழங்கிய சொற்களுள் அதன் மூலச்சொல்லும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுத்தில் தலைகாட்டிய கட் என்ற சொல், எங்கிருந்து வந்தது என்று அகராதியாளர்களே அறுதியிட்டுச் சொல்ல முடியாத அந்தச் சொல், மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, கார்வ் செதுக்கும் வேலைக்கு ஒதுங்கிவிட்டது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த நுட்பம் புதிதன்று. வீட்டிலேயே அதைக் கற்றுக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறார்கள். நெல்லை அறுக்கிறோம், துணியைக் கத்தரிக்கிறோம், மாங்காயைக் கீறி உப்புத் தூவுகிறோம், தேயிலைச் செடியைக் கவாத்து செய்கிறோம், வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறோம். நெல்லுக்கும் துணிக்கும் வைரத்துக்கும் ஆங்கிலத்தில் கட் என்றே சொல்லலாம். கவாத்துக்கு ப்ரூன் என்ற தனிச்சொல் இருக்கிறது. பென்சில் சீவுவதைக் கட் என்று எழுதினால் பென்சிலை இரண்டாக்கியதாகப் பொருள்பட்டுவிடும். எதிர்த்திசையிலும் இடறல் உண்டு. நாம் கிணறு வெட்டுகிறோம், குளம் வெட்டுகிறோம். அங்கே வெட்டு என்றால் ஆங்கிலத்தில் டிக், அதாவது தோண்டுதல். 'கட் = வெட்டு' என்று மட்டும் படித்த பிள்ளை கிணற்றையும் கட் செய்துவிடும்.

இன்னொன்றையும் அந்தப் பக்கத்தில் சேர்த்திருக்கலாம் என்பது என் ஆசை. முடிவெடுப்பதைக் குறிக்கும் டிசைட் என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'வெட்டி விலக்குதல்' என்பதே பொருள். சுருக்கமானது என்று பொருள்படும் கன்சைஸ் என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இன்செக்ட் என்ற சொல், உடல் வெட்டுப்பட்டதுபோல் பகுதி பகுதியாக இருப்பதால் பூச்சிக்கு வந்த பெயர். கிரிக்கெட்டில் நாம் நாள்தோறும் கேட்கும் ஸ்கோர் என்பதற்குக் கோலில் வெட்டிய கீறல் என்பது பழைய பொருள். இங்கிலாந்தில் அந்த ஆட்டத்தின் தொடக்க காலத்தில் ஓட்டங்களைக் கோலில் கீறல் போட்டே எண்ணினார்கள். நம் மொழியும் இதே தடத்தில்தான் நடந்திருக்கிறது. வரையறு, அறுதியிடு என்பவற்றுக்குள் அறு என்ற வினை இருக்கிறது. தயங்காமல் பேசுபவரை 'வெட்டு ஒன்று துண்டு இரண்டு' என்கிறோம். இதைச் சொல்லிக் கொடுத்தால் டிசைட் என்ற சொல்லை எந்தப் பிள்ளையும் மறக்காது.

மாணவர் பக்கத்தைத் தாண்டிச் செய்திப் பக்கங்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். மின்வெட்டு என்பது நன்றாக வேரூன்றிவிட்ட சொல். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வரியையும் வட்டியையும் வெட்ட வேண்டியதில்லை, குறைத்தால் போதும். ஆட்குறைப்பு, வரிக்குறைப்பு என்று எழுதி வந்த கை, அண்மைக்காலமாக 'வரி வெட்டு' என்று தலைப்பிடுவது ஆங்கிலச் செய்தியை அவசரத்தில் பெயர்த்ததால் நேர்வது என்றே நினைக்கிறேன்.

இதைவிடக் கவலை தருவது 'கட் ஆஃப்'. கணிதத்தை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் மாற்றி, 200க்கு ஒரு மாணவர் பெறும் கூட்டுத்தொகையைத் தமிழ்நாட்டில் எல்லோரும் அவருடைய கட் ஆஃப் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு, இதற்குக் கீழே இடமில்லை என்று அறுத்துவிடும் எல்லை என்று பொருள். அதைத் தீர்மானிப்பது சேர்க்கை, மாணவரின் மதிப்பெண் அன்று. பொறியியல் கலந்தாய்வு நாட்களில் தங்கள் இதழ், ஒரே செய்தியில் இரண்டு பொருளிலும் இதைப் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் பிள்ளையின் பெற்றோர், 'கட் ஆஃப் குறைந்தது' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, தங்கள் பிள்ளையின் வாய்ப்பு கூடியதா குறைந்ததா என்று என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். மாணவர் பெற்றதைத் தரவரிசை மதிப்பெண் என்றும், கல்லூரி நின்ற இடத்தைக் கடைசி மதிப்பெண் என்றும் பிரித்து எழுதினால் அவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

அடுத்த வாரம் 'பிரேக்' என்ற சொல் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். பானை உடைகிறது, கிளை முறிகிறது, குச்சி ஒடிகிறது, அப்பளம் நொறுங்குகிறது, இட்லியைப் பிட்டுத் தின்கிறோம். அதன் நிகர்ச்சொற்களுக்கு எதிரே 'உடை' என்று மட்டும் போட்டு முடித்துவிடாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமாவது தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாது என்றால் ஏழு சொற்களுக்குப் பதில் மூன்றை மட்டும் தாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தென்காசி மாவட்டம்.