பீட்டர் முல்லனையும் திரையிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இயக்குநரான நடிகர்கள் என்று பேச்சு வந்தாலே நம் சினிமா பக்கங்களில் ஹாலிவுட் பெயர்கள்தான் வரிசை கட்டுகின்றன. ஸ்காட்லாந்தின் பீட்டர் முல்லனுக்கு ‘ஹாரி பாட்டர்’ கடைசிப் பாகங்களில் யாக்ஸ்லியாக வந்தவர் என்ற ஒரு வரி கிடைத்தாலே பெரிது. கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும், வெனிஸ் திரைப்பட விழாவில் இயக்குநராக, சிறந்த படத்துக்கான தங்கச் சிங்கமும் பெற்றவரை இப்படிக் கடந்துபோவது வருத்தமாக இருக்கிறது.

கான் விருது 1998இல், பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச்சின் ‘மை நேம் இஸ் ஜோ’வில் குடியை விட்டு மீளப் போராடும், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வேலையில்லாத மனிதராக நடித்ததற்கு. முல்லன் இயக்கிய முதல் முழுநீளப் படமான ‘ஆர்ஃபன்ஸ்’ வந்ததும் அதே ஆண்டுதான். தாயின் அடக்கத்துக்கு முந்தைய இரவில் நான்கு பிள்ளைகள் திசைக்கு ஒருவராகச் சிதறுகிறார்கள். ஒருவன் கத்திக்குத்து பட்டும் மருத்துவமனைக்குப் போக மறுக்கிறான். மறுநாள் அதை வேலையிடத்தில் பட்ட காயமாகக் காட்டி இழப்பீடு வாங்குவது அவன் திட்டம். மூத்தவன் தேவாலயத்தில் சவப்பெட்டிக்குக் காவல் இருக்க, புயல் கூரையையே பிய்த்துக்கொண்டு போகிறது. துக்கமும் சிரிப்பும் ஒரே காட்சிக்குள் இப்படி மோதுவது லோச்சின் படங்களில் காணாதது. முல்லனை அவருடைய சீடர் என்று மட்டும் எழுதுபவர்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

தங்கச் சிங்கம் 2002இல் ‘தி மாக்டலீன் சிஸ்டர்ஸ்’ படத்துக்கு. அயர்லாந்தில் ‘கெட்டுப்போனவர்கள்’ என்று முத்திரை குத்திய பெண்களைக் கன்னியர் மடச் சலவைக்கூடங்களில் அடைத்துக் கூலியில்லாமல் வேலை வாங்கிய கொடுமையைச் சொல்லும் படம் அது. கதை நடப்பது 1964இல். கடைசிச் சலவைக்கூடம் மூடப்பட்டதோ 1996இல். வத்திக்கான் நாளேடு படத்தைக் கண்டித்தது. அயர்லாந்து அரசு அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்க 2013 ஆயிற்று. தப்பி வந்த மகளை அடித்து மீண்டும் மடத்தில் கொண்டுவந்து தள்ளும் தகப்பனாகச் சில நிமிடங்களே வருகிறார் முல்லன்.

2010இல் ‘நெட்ஸ்’. 1970களின் கிளாஸ்கோவில் நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன் கத்திக் கும்பலுக்குள் போய்ச் சேரும் கதை. ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான தங்கச் சிப்பி இந்தப் படத்துக்கும், சிறந்த நடிகர் விருது நாயகனாக நடித்த கானர் மெக்கரனுக்கும் கிடைத்தன. இதில் குடிகாரத் தகப்பன் முல்லன். தன் படங்களில் நல்லவன் வேடத்தைத் தனக்கென எடுத்துவைக்காத துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

நம் ஊர்த் திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் ‘மை நேம் இஸ் ஜோ’, பிறகு இந்த மூன்றும் வெளிவந்த வரிசையில் என்று திரையிடுங்கள். ‘மாக்டலீன்’ படத்தை மட்டும் தனியாகப் போட்டால் விவாதம் முழுக்க மதத்தைச் சுற்றியே போய்விடும். மூன்றிலும் பிள்ளைகளைக் கைவிடும் பெரியவர்கள் இருப்பது கண்ணில் படாது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். முல்லன் நடித்த லோச்சின் ‘ரிஃப்-ராஃப்’ அமெரிக்காவிலேயே சப்டைட்டிலோடுதான் வெளியானது. கிளாஸ்கோ பேச்சு அவ்வளவு அடர்த்தி. பிரதி கையில் வந்ததும் சப்டைட்டில் வசனத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ‘நெட்ஸ்’ பிரிட்டனில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான சான்றிதழ் பெற்றது. ஆகவே பள்ளி மாணவர்கள் வரும் காட்சியில் அதைச் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
திரைப்படச் சங்க வாசகர், மதுரை