மற்றக் கண்

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை போனில் "சாமிக்குக் கண்ணில்லை அப்பா" என்றாய். வேலை போய் நாலு மாதமாக அலைகிறவனிடம் எதிர்த்துப் பேசாதே என்று அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அதே வார்த்தையை நானும் சொன்னவன்தான், தம்பி. 2018 நவம்பர் 16. கஜா புயல் விடியுமுன் கரையேறி நம் பேராவூரணிப் பக்கத்தைப் புரட்டிப் போட்ட நாள். நம் தோப்பில் நூற்றெண்பது மரத்தில் பதினொன்று நின்றது. மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதிலும் 500 வெட்டி அப்புறப்படுத்துவதற்கு. தென்னை வைத்துக் காய் பார்க்க ஆறேழு வருடம்.

கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. விழுந்து கிடந்த மரங்களின் இளநீரை வெட்டித்தான் நாலு நாள் தாகம் தீர்த்தோம். அடிமரத்தில் உட்கார்ந்து, அரிவாளால் சீவி, அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்த கையாலேயே மண்ணை வாரித் தூற்றினேன்: "எனக்கு என்ன கொடுத்தாய் நீ?" அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் குடித்துப் போட்ட இளநீரைப் பிளந்து, வழுக்கையைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

உன்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்த மரங்கள். இருபது வருடம் காய் வெட்டிக் காசு எண்ணியபோதெல்லாம் அது என் உழைப்பு. சாய்ந்தபோது மட்டும் அவன் வேலை.

திட்டாதே என்று சொல்லவில்லை. தேவாரம் பாடிய நம் சுந்தரர் திட்டாத திட்டா? உன்னைப் பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பினார், பார்வை போயிற்று. தப்பு இவருடையது, வசவு சாமிக்கு! காஞ்சியில் ஒரு கண் கிடைத்த பிறகும், திருவாரூரில் போய் நின்று, மற்றக் கண்ணைத் தராவிட்டால் 'வாழ்ந்து போதீரே', நீரே நன்றாக இருந்துகொள்ளும் என்று முகத்துக்கு நேரே கேட்டார். கிடைத்தது. ஆனால் அவர் சாமிக்கு மீளா அடிமை. நான் வருடத்துக்கு ஒரு தரம் தேர் பார்க்கப் போகிறவன். இன்னொன்றும் கவனி. 'மற்றைக் கண்' என்றுதான் கேட்டார். கோபத்திலும் கிடைத்த ஒன்றை மறைக்கவில்லை. எனக்கு அந்த நாலு நாள் வராத சொல் அது.

உன் கணக்கில் என்னென்ன இருக்கிறது என்று நான் எண்ணிக் காட்டப் போவதில்லை, எரிச்சல்தான் வரும். வாடகைக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். 2019இல் வைத்த தென்னம்பிள்ளைகளில் பாதிக்கு மேல் பாளை விட்டுவிட்டன.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடு. திருவாரூரில் இறங்கு, கோயில் குளம் கமலாலயத்தின் கரையில் நிற்கிறேன். சொல்ல வேண்டியதை உள்ளே போய் நீயே சொல். நான் வெளியே செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா